நுகர்வுக் கடனின் பொருளும் பயனும்

கூட்டுறவுக்காரர்களாகிய நம் நாவில் நாள்தோறும் புழங்கும் சொற்களுள் ‘நாணயம்’ என்பது ஒன்று. ‘ஐக்கிய நாணய சங்கம்’ என்றும் ‘சிக்கன நாணய சங்கம்’ என்றும் நம் முன்னோர் தாம் நிறுவிய சங்கங்களுக்குப் பெயர் வைத்தார்கள். காசுக்கும் நாணயம் என்று பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் அதுவே பெயர். கையில் காசு இல்லாத ஒருவரின் சொல்லை நம்பிப் பணத்தையோ பண்டத்தையோ அவரிடம் ஒப்படைப்பதே கடன். ஆதலால் இரு பொருளையும் தாங்கிய அச்சொல்லை அவர்கள் தேர்ந்துகொண்டது மிகவும் பொருத்தமானதே. அந்தக் கடனின் ஒரு வகையை, அதாவது நுகர்வுக் கடன் என்பதை, நம் அங்கத்தினர்களின் வாழ்க்கையோடு பொருத்தி இங்கே ஆராய்வோம்.

பாவும் ஊடையும் வாங்கவும், தறியைப் பழுது பார்க்கவும், மஞ்சளுக்கு எரு வைக்கவும், குச்சிக்கிழங்குக்குக் களை வெட்டவும் வாங்கும் கடன் உற்பத்திக் கடன். அது தன்னைத் திருப்பிச் செலுத்தும் வருமானத்தைத் தானே பிறப்பிக்கிறது. அரிசி பருப்புக்கும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும், மருத்துவமனைச் செலவுக்கும், திருமணத்துக்கும், கிரைண்டருக்கும், கைப்பேசிக்கும் வாங்குவது நுகர்வுக் கடன். இங்கே கடன் வாங்கிய பணம் வருமானத்தைப் பிறப்பிப்பதில்லை. வேறிடத்திலிருந்து வரவேண்டிய வருமானத்தை முன்கூட்டியே செலவழிக்க இடமளிக்கிறது. நாளைய கூலியை இன்றே வாங்கிக்கொள்வது என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

ஏட்டில் இந்தப் பிரிவினை தெளிவாக இருக்கிறது. ஆனால் இராசிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வந்து பார்த்தால் கோடு கலங்கிவிடுகிறது. வெண்ணந்தூரில் ஒரு நெசவாளர் தம் வீட்டுக் கூரையை மாற்றக் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் செலவு என்று தள்ளிவிடலாம். ஆனால் தறி இருப்பது அந்தக் கூரையின் கீழேதான்! ஐப்பசி மழையில் தறிக்குழியில் நீர் இறங்கினால் நெசவு நின்றுவிடும். நாமகிரிப்பேட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் மோட்டார் சைக்கிள் வாங்குகிறார். அதில் மகன் கல்லூரிக்கும் போகிறான், மஞ்சள் மண்டிக்கும் அதுவே போகிறது. தொழிலும் குடும்பமும் ஒரே திண்ணையில் நடக்கும் நம்மவர்களுக்கு இந்தப் பிரிவினையை விதியாகக் கொள்ளாமல் ஒரு வழிகாட்டியாக மட்டும் கொள்வதே தக்கது.

கூட்டுறவு இயக்கம் நுகர்வுக் கடனைத் தொடக்கத்திலிருந்தே ஐயத்தோடுதான் நோக்கி வந்திருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1830களில் தொழிலாளர்கள் ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்தார்கள். கேட்டவர்க்கெல்லாம் கடனுக்குச் சரக்குக் கொடுத்ததால் இரண்டே ஆண்டுகளில் அதை மூட நேர்ந்தது. பின்னர் 1844ஆம் ஆண்டு டிசம்பரில் அதே நகரில், நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக ஏறத்தாழ இருபத்தெட்டுப் பேர் மீண்டும் ஒரு கடையைத் திறந்தபோது, ரொக்கத்துக்கே விற்பனை என்பதைத் தம் விதிகளுள் ஒன்றாக வைத்துக்கொண்டார்கள். வெண்ணெயும் சர்க்கரையும் மாவும் விற்ற அந்தச் சிறு கடைதான் இன்று உலகெங்கும் பரவியிருக்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு மூலம். வேலை இல்லாமல் வறுமையில் உழன்ற நெசவாளர்களே ‘கடன் இல்லை’ என்று எழுதி வைத்தார்கள் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

நம் மாநிலத்திலோ இயக்கம் கடனிலிருந்தே தொடங்கியது. சென்னை அரசாங்கத்தின் பணிப்பின்பேரில் பிரெடரிக் நிக்கல்சன் 1895 முதல் 1897 வரை வெளியிட்ட அறிக்கை, ஜெர்மனியின் ரைபைசன் சங்கங்களை நமக்கு முன்மாதிரியாகக் காட்டியது. 1904இல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் விவசாயக் கடன் சங்கமும், திருவல்லிக்கேணியில் பண்டகசாலையும் தோன்றின. 1909இல் சேலத்தில் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி ஏற்பட்டது. உற்பத்திக்கே கடன் என்பது அந்நாளைய சங்கங்களின் எண்ணம். ஆனால் ஊரிலிருந்த வட்டிக் கடைக்காரர் எதற்கு என்று கேட்கவில்லை. இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் அவர் எழுந்து வந்தார்.

இதன் விளைவை 1951-52இல் நடந்த அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு நாட்டுக்கு எடுத்துக் காட்டியது. கோர்வாலா தலைமையிலான குழு 1954இல் வெளியிட்ட அவ்வறிக்கையின்படி, விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது நூற்றுக்கு மூன்றை ஒட்டியே. வட்டித் தொழில் செய்வோர் கொடுத்தது ஏறத்தாழ எழுபது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அதில் உண்டு. விவசாயிகள் வாங்கிய கடனில் பாதிக்குச் சற்றே குறைந்த பங்கு குடும்பச் செலவுக்காக வாங்கப்பட்டதாம். நாம் கண்ணை மூடிக்கொண்டதனால் நுகர்வுக் கடன் மறைந்துவிடவில்லை; நம்மை விட்டு வேறு கைக்குப் போயிற்று, அவ்வளவே.

எங்கள் அனுபவம் ஒன்றை இங்கே மறைக்காமல் கூறுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவில் நாம் அமர்ந்திருந்தபோது, தாயாரின் அறுவை சிகிச்சைக்கென்று ஓர் அங்கத்தினர் கடன் கேட்டு விண்ணப்பம் எழுதியிருந்தார். துணைவிதியில் அதற்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினோம். அடுத்த மாதம் அவரே உரத்துக்கென்று விண்ணப்பம் போட்டார். மறுபேச்சின்றிக் கடன் கொடுத்தோம். அந்தப் பணம் உரக் கடைக்குப் போகவில்லை, மருத்துவமனைக்கே போயிற்று என்பது குழுவிலிருந்த எல்லோருக்கும் தெரியும். உண்மை சொன்னபோது கதவை அடைத்துவிட்டு, பொய் சொன்னபோது திறந்தோம். அந்த ஆண்டு அவர் நிலத்துக்கு உரமும் இல்லை, அறுவடையில் கடனைக் கட்டப் பணமும் இல்லை. தவணை தவறியவர் பட்டியலில் அவர் பெயரை எழுதினோம். அந்தப் பட்டியலில் எங்கள் பெயர்களையும் எழுதியிருக்க வேண்டும் என்றே இன்று தோன்றுகிறது.

நல்லவேளையாக இந்த நோக்கு மெல்ல மாறிற்று. 1976இல் சிவராமன் தலைமையிலான நிபுணர் குழு, எளியோருக்கு மருத்துவம், கல்வி, திருமணம், ஈமச் சடங்கு முதலியவற்றுக்கு நிறுவனங்களே சிறு கடன் வழங்கவேண்டுமென்று கூறியது. 1989இல் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், தம் சேமிப்பிலிருந்தே உறுப்பினருக்குள் வீட்டுச் செலவுக்கும் கடன் கொடுத்துத் திரும்ப வசூலித்துக் காட்டின. இன்று உழவர் கடன் அட்டைக்கு வரம்பு கணக்கிடும்போது, பயிர்ச் செலவின்மேல் நூற்றுக்குப் பத்து வீதம் அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் வீட்டுத் தேவைக்குமாகச் சேர்க்க விதியிலேயே இடமுண்டு. இது நம் அங்கத்தினர் பலருக்குத் தெரியாது. பயிர்க் கடனை வீட்டுக்குத் திருப்பியதாக மனச்சங்கடப்படுவோர், அந்தப் பத்து வீதம் தமக்கு உரியதே என்று அறிந்துகொள்ளலாம்.

ஆகவே நுகர்வுக் கடன் தீது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதன் விலையை அறியாமல் வாங்குவது தீது. கடனுக்கும் விலை உண்டு, அதுவே வட்டி. கத்தரிக்காயின் விலையை நாலு கடையில் கேட்டு வாங்கும் நம் வீட்டுப் பெண்டிர், கடனின் விலையைக் கேட்கும்போது மட்டும் ஏமாந்துபோகிறார்கள். ஏனெனில் அந்த விலை பல வேடங்களில் வருகிறது. வேடத்தைக் கலைக்கும் கணக்கு ஒன்றை இங்கே காட்டுகிறோம். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

ஒருவர் 12,000 ரூபாய் கடன் வாங்குகிறார். ஆண்டுக்கு 12 சதம் ‘ஃபிளாட்’ வட்டி என்கிறார் நிதிக்கம்பெனிக்காரர். வட்டி 1,440, ஆகமொத்தம் 13,440, பன்னிரண்டு தவணை, மாதம் 1,120. ‘வெளியில் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி கேட்கிறார்கள்; இவர் ஒன்றுதானே கேட்கிறார்’ என்று நம்மவர் மகிழ்ந்து கையெழுத்திடுகிறார்.

இப்போது பார்ப்போம். 12,000 ரூபாய் அவர் கையில் எத்தனை நாள் இருந்தது? முதல் மாதம் மட்டும்தான். மாதந்தோறும் 1,000 ரூபாய் அசலில் கழிகிறது. எனவே இரண்டாம் மாதம் அவரிடம் இருந்த கடன் 11,000. மூன்றாம் மாதம் 10,000. கடைசி மாதம் 1,000 மட்டுமே. இந்தப் பன்னிரண்டு தொகைகளையும் கூட்டினால் 78,000. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 6,500. அதாவது ஆண்டு முழுதும் சராசரியாக அவர் கையில் இருந்தது 6,500 ரூபாய். அதற்கு அவர் கொடுத்த வட்டி 1,440. நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால் 22க்கும் சற்று மேல்! மாதம் இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24. பாதி வட்டி என்று எண்ணி வாங்கியது உண்மையில் ஏறத்தாழ அதே வட்டி. சங்கமோ வங்கியோ குறையும் அசலின்மீது 12 சதம் என்று சொன்னால் அது வேறு. அங்கே கட்டக் கட்ட வட்டியும் குறையும். ‘எத்தனை சதம்?’ என்று கேட்பதோடு ‘எந்த அசலின்மேல்?’ என்றும் கேட்கவேண்டும்.

தண்டல் இன்னொரு வேடம். 10,000 என்று எழுதி 1,500ஐ முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் வசூல். ‘பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறுதானே, பதினைந்து சதம்’ என்பது வாங்குபவர் கணக்கு. கையில் வந்தது 8,500. நாள்தோறும் கட்டிக்கொண்டே வருவதால் சராசரியாக இருந்தது அதிலும் பாதி. காலமோ ஆண்டல்ல, நூறே நாள். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி நூற்றுக்கு 120க்குக் குறையாது. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்யும் சட்டம் 2003 முதல் நம் மாநிலத்தில் உண்டு. ஆயினும் சந்தைக்கடையில் காய்கறி விற்பவரும் தறிக்காரரும் இன்னும் அதையே நாடுகிறார்கள். காலையில் கேட்டால் காலையிலேயே கிடைக்கிறது என்பதே காரணம். நம் சங்கங்களில் அவசரக் கடன் மூன்று வாரம் கழித்து வருமானால், சட்டம் மட்டும் என் செய்யும்?

மூன்றாவது வேடத்தில் வட்டியே கண்ணுக்குத் தெரிவதில்லை. மேற்கே குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிப் பகுதிகளில் ‘பாக்கி’ என்று ஒரு வழக்கு உண்டு. வேலைக்குச் சேரும் தொழிலாளிக்குத் தறி உரிமையாளர் முன்பணம் கொடுப்பார்; பெரும்பாலும் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ வாங்கும் நுகர்வுக் கடன்தான் அது. ஆனால் பாக்கி தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. பக்கத்தில் கூலி கூடுதலாகக் கிடைத்தாலும் போக முடியாது. அந்தக் கூலி வித்தியாசமே வட்டி. அதை யாரும் எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஏன் முன்பணத்தைப் பற்றிப் பேசுகிறது என்பது இதிலிருந்து விளங்கும். மளிகைக் கடைப் பற்றும் ஓரளவுக்கு இத்தகையதே. வட்டி இல்லை, ஆனால் பற்று உள்ளவர் அரிசியின் தரத்தையும் விலையையும் பற்றி வாய் திறப்பதில்லை.

நகைக் கடனைப் பற்றி ஒரு சொல். பவுன் விலை ஏறிவரும் நாளில் பழைய சீட்டை மாற்றி எழுதி, அதே சங்கிலிக்குக் கூடுதல் பணம் வாங்கும் பழக்கம் நம்மிடையே பெருகியிருக்கிறது. வட்டியும் அதிலேயே கழிந்துவிடுவதால் கையிலிருந்து எதுவும் கட்டாததுபோல் தோன்றும். உண்மையில் அசல் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இனித் தவணையைப் பற்றிப் பேசவேண்டும். வட்டியைவிட இதுவே நம் பகுதியில் பல குடும்பங்களைச் சாய்த்திருக்கிறது என்பது எங்கள் கருத்து. மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்தே மாதத் தவணை உண்டாயிற்று. நெசவாளருக்குச் சேலை அறுத்துக் கொடுக்கும்போது கூலி வருகிறது. அவருக்கு வாரத் தவணையோ, கூலியில் நேரே பிடித்தமோ ஏற்கும். மஞ்சள் விவசாயிக்கு வைகாசியில் நட்டால் தை, மாசியில்தான் வெட்டு. வேகவைத்துக் காயவைத்து ஏலத்துக்குப் போகப் பங்குனி ஆகிவிடும். குச்சிக்கிழங்கும் ஏறத்தாழ பத்து மாதப் பயிர். சேகோ ஆலைக்குக் கிழங்கு போனால்தான் பணம். இத்தகையவர் குளிர்ப்பெட்டிக்கு மாதத் தவணை ஒப்புக்கொண்டால், ஆனி மாதத் தவணையை எதிலிருந்து கட்டுவார்? கைமாற்று வாங்குவார், அது தீர்ந்தால் தண்டல் வாங்குவார். இருபது வட்டிக் கடனைக் கட்ட நூற்றிருபது வட்டிக் கடன்! கேட்க விநோதமாக இருக்கலாம். இராசிபுரம் வட்டாரத்தில் இதைக் காணாத ஊர் இல்லை. ஆகவே விவசாய அங்கத்தினர்களுக்குச் சங்கம் கொடுக்கும் நுகர்வுக் கடன், அறுவடையை ஒட்டிய ஒன்றிரண்டு தவணைகளாக அமையவேண்டும். வெளியில் மாதத் தவணைக்கு வாங்கத்தான் வேண்டுமென்றால், பால் பணம் போன்ற மாத வரவு வீட்டில் உண்டா என்று பார்த்து, அதற்குள் அடங்குமளவே வாங்கவேண்டும்.

வாங்கும் பொருள் எத்தனை நாள் உழைக்கும் என்பதும் எண்ணத்தக்கது. ஆறு ஆண்டு உழைக்கும் கிரைண்டருக்கு ஓராண்டுக் கடன் குற்றமில்லை. மாரியம்மன் பண்டிகைத் துணிக்கும் விருந்துக்கும் வாங்கிய கடன் அடுத்த பண்டிகைக்கும் தீராவிட்டால், அவ்வீட்டில் இரண்டு பண்டிகைக் கடன் சேர்ந்துவிடும். திருமணக் கடன் இதற்கிடையில் நிற்பது. மொய்ப் பணம் வரும் என்று நம்பி வாங்குகிறோம். ஆனால் மொய்யும் கடனே, நாம் திருப்பி எழுதவேண்டியதே, நோட்டில் இருக்கிறது!

பழைய தலைமுறையினருக்கு 1938ஆம் ஆண்டு நினைவிருக்கும், அல்லது கேள்வியாவது இருக்கும். நம் சேலத்தில் வக்கீலாக இருந்தவரும், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் கண்டவருமான இராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமராயிருந்தபோது விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அசலைப்போல் இருமடங்கு கட்டியவரின் பழைய கடன் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. 1932 அக்டோபருக்கு முந்திய கடன்களில் 1937 அக்டோபர் முதல் நாளன்று நின்ற வட்டி தள்ளுபடியாயிற்று. சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியதும் அதே நாளில்தான். கள்ளுக்கடைக்குப் போன காசும் வட்டிக் கடைக்குப் போன காசும் ஒரே குடும்பத்தின் காசு என்பதை அறிந்தவர் செய்த ஏற்பாடு அது. சட்டம் பலரை மீட்டது. ஆனால் தள்ளுபடிக்குப் பின் தனியார் கடன் கொடுக்கத் தயங்குவர், அப்போது அந்த இடத்தில் சங்கம் நிற்கவேண்டும் என்பதும் அன்றே தெரிந்த செய்தி.

இக்காலத்துக் கடன் வாங்குவோருக்கு ஒரு நல்ல கருவி கிடைத்திருக்கிறது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து, வங்கிகளும் மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் நிதிக்கம்பெனிகளும் தனியாருக்குப் புதிதாகத் தவணைக் கடன் கொடுக்கும்போது, முக்கிய விவரங்கள் அடங்கிய தாளொன்றைக் கடன்தாரருக்குப் புரியும் மொழியில் கொடுக்கவேண்டுமென ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வட்டி, கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்த ஆண்டு வீதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். நாம் மேலே தாளும் பென்சிலும் கொண்டு கணக்கிட்டது அந்த எண்ணைத்தான். அத்தாளில் இல்லாத கட்டணத்தைக் கடன்தாரர் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் பின்னர் வசூலிக்கலாகாது. கைப்பேசி வழியாகக் கடன் கொடுப்போருக்கும் விதிகள் உண்டு: பணம் கடன்தாரரின் சொந்த வங்கிக் கணக்குக்கே வரவேண்டும், வாங்கியபின் மனம் மாறினால் குறைந்தது ஒரு நாளுக்குள் அசலையும் அந்நாள்வரை உரிய வீதத் தொகையையும் கட்டி விலகிக்கொள்ளலாம். தாளைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றியும் கூறியாகவேண்டும். ‘சும்மா ஒரு கையெழுத்துத்தானே, மாமா’ என்று உறவினர் கேட்டால் மறுப்பது நம் ஊர் வழக்கமல்ல. ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, வேறு உடன்பாடு இல்லாதவரை ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்தாரரின் பொறுப்புக்குச் சமம். முதலில் அவரைக் கேட்டுவிட்டு என்னிடம் வாருங்கள் என்று சொல்ல இயலாது. ரைபைசன் சங்கங்களில் ஊரார் அனைவரும் ஒருவர் கடனுக்கு ஒருவர் வரம்பின்றிப் பொறுப்பேற்றார்கள். ஆனால் அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று கேட்கும் உரிமையையும் அவர்கள் வைத்திருந்தார்கள். ஜாமீன் போடும் அங்கத்தினர் அந்த உரிமையை விட்டுவிடக் கூடாது. எவ்வளவு, எத்தனை தவணை, எதிலிருந்து கட்டுவாய் என்று கேட்டபின் பேனாவை எடுப்பது உறவுக்கு இழுக்காகாது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது கீழ்க்கண்ட கணக்கைப் போட்டுக்கொண்டு வருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கடையில் ஒரு துவைக்கும் இயந்திரத்தின் விலை 24,000 ரூபாய். ‘வட்டியே இல்லை, மாதம் 2,400 வீதம் பத்துத் தவணை’ என்று விளம்பரம். பத்திரச் செலவு 600 முதலிலேயே கட்டவேண்டும். ரொக்கமாகக் கொடுப்பதானால் 22,500க்கே தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். வட்டியில்லாக் கடன் என்பது உண்மையில் இல்லாத ஒன்று என்று 2013இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கூறியதை இங்கே நினைவிற்கொள்க. ரொக்க விலையில் பத்திரச் செலவைக் கழித்தால் உண்மையில் கிடைத்த கடன் 21,900, கட்டுவது 24,000, வித்தியாசம் 2,100. பத்து மாதங்களிலும் நின்ற அசலின் சராசரியைக் கண்டு, ஆண்டுக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்லவேண்டும். விடை 21ஐ ஒட்டி வந்தால் கணக்குச் சரி.